இரவல் கட்டில்

கட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி பழனிக்குமார் முதலில் போன் செய்தபோது அவன் அப்பாவுக்குக் காரியம்கூட முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு ஓயாமல் செய்தான். "மேடம், கட்டிலு எங்களுக்கு வேணாம், வந்து தூக்கிட்டுப் போங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். பொதுவாக நாங்கள் இரவல் கொடுத்த கட்டிலைத் திரும்ப வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். சில வீடுகளில் அதன்மேல் உர மூட்டை அடுக்கியிருப்பார்கள், சில வீடுகளில் மாப்பிள்ளை படுத்திருப்பார். வலிய வந்து திருப்பித் தருகிறேன் என்று அவசரப்படுகிறவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு சின்ன அறக்கட்டளையில். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வினிதா சிஸ்டர் புண்ணைச் சுத்தம் செய்வாள், வலிக்கு மருந்து கொடுப்பாள். சாய்ந்து படுக்க வசதியில்லாதவர்களுக்கு இரும்புக் கட்டில் கொடுப்போம். எல்லாம் முடிந்த பிறகு போகிறவள் நான். வீடு கொஞ்சம் அடங்கியதும் போய் உட்கார்ந்து, கடைசி நாட்கள் எப்படி இருந்தன, வலி அடங்கியதா, அவர் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடிந்ததா, நிம்மதியாகப் போனாரா என்று கேட்டு வர வேண்டும். எங்கள் கவனிப்பு எப்படி இருந்தது என்று போனவரிடம் கேட்க முடியாது. அதனால் இருப்பவர்களிடம் கேட்கிறோம்.

கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் பதில் சொல்வார்கள். "ஒரு கொறையும் இல்லம்மா." "தூங்குற மாதிரியே போயிட்டாக." இந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த இத்தனை வருஷத்தில் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்கூடக் கஷ்டப்பட்டுச் செத்ததில்லை என்று ஆபீசில் கேலியாகச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

முப்பதாம் நாள் சடங்கும் முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஆடி மாதத்துப் பிற்பகலில் கிளம்பினோம். எங்கள் டிரைவர் ரொனால்டு வண்டியைக் கொடைரோடு தாண்டி மேற்கே திருப்பியதுமே காற்று பிடித்துக்கொண்டது. தென்னை மட்டைகள் ரோட்டில் விழுந்து கிடந்தன. மல்லிகைத் தோட்டங்களிலிருந்து செம்மண் கிளம்பி வந்து கண்ணாடியில் அறைந்தது. வண்டியின் பின்கதவுக் கொக்கி பழுது, வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

"அக்கா, கட்டில ஏத்துனமா கிளம்புனமான்னு இருக்கணும்க்கா. அந்த வீட்டுல ரொம்ப நேரம் உக்காந்துறாதீங்க" என்றான் ரொனால்டு.

ஏன் என்று கேட்டேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கடைசியா சிஸ்டரக் கூட்டிட்டு வந்தப்ப அந்த ஐயா டம்ளர வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தாரு. நாங்க வண்டியத் திருப்பி ரோட்டுக்கு வந்த பொறகும் கேட்டுச்சு. எனக்கு இன்னமும் காதுலயே இருக்கு."

பழனிக்குமாரின் அப்பா மொக்கைச்சாமிக்குத் தொண்டையில் புற்று. குரல் முழுதாகப் போய்விட்டது, விழுங்கவும் முடியாது. கையில் ஒரு சில்வர் டம்ளரைக் கொடுத்து, ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டச் சொல்லியிருந்தாள் வினிதா. அந்த மனிதரிடம் பேச்சு என்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

தோட்டத்து நடுவில் தனி வீடு. முன்பக்கம் போட்டிருந்த தகரக் கூரை காற்றில் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. பழனிக்குமார் வெளியே நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன், சட்டை அவன்மேல் இரவல் வாங்கியதுபோலத் தொளதொளவென்று கிடந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"நீங்க உள்ள வர வேணாம் மேடம். நானே இழுத்துட்டு வந்துர்றேன்."

"நாலு கேள்வி கேக்கணுமேங்க. போன்ல சொன்னேன்ல."

"எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டாக. அப்படியே போட்டுக்கங்க."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்தப் பிள்ளைய உள்ள வரச் சொல்லுப்பா. எனக்கு அதுகிட்டப் பேசணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முதலில் முகத்தில் அடித்தது வாடை. காலையில் பறித்துக் கட்டி அனுப்பிய மல்லிகையின் வாசம் வீட்டில் தங்கியிருந்தது. அதற்கு அடியில் வேறொன்று. புளித்த பால்.

கட்டில் நடு வீட்டில் கிடந்தது. சுவரோரமாகக்கூட இல்லை, நட்டநடுவில். யாராக இருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக முடியும். மேலே துவைத்த போர்வை விரித்து, தலையணை போட்டிருந்தது. கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு சில்வர் டம்ளர் நிறையப் பால், மேலே ஆடை கட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் சிமெண்ட் தரை வட்டம் வட்டமாக வெளுத்துப் போயிருந்தது.

"நான் மாட்டுக் கொட்டத்துல கொண்டு போயிப் போடுறேன் மேடம். எங்கம்மா மறுபடி உள்ள இழுத்துட்டு வந்துருது" என்றான் பழனிக்குமார்.

சுவரில் சாய்ந்து அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். மொக்கைச்சாமியின் மனைவி. தோட்டத்து வெயிலில் வேலை செய்து இறுகிய உடம்பு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள்.

"உக்காரு தாயி. ஊரு ஊராப் போயி இதத்தான் கேக்குறியாமே. கேளு."

நான் கேட்டேன். பதிலெல்லாம் மகனிடமிருந்துதான் வந்தது, நின்றபடியே, வாசலைப் பார்த்தபடியே. வலிக்கு மருந்து நேரத்துக்குக் கிடைத்தது. வினிதா சிஸ்டர் தங்கமான பிள்ளை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்தது. ஒரு குறையும் இல்லை.

"கடைசி நேரம் எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்குத்தான் அவன் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தது.

"நெறஞ்ச சாவு மேடம். சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. கட்டில்ல உசுரு போகக்கூடாதுன்னு குருசாமி பெரியப்பா சொல்லி, கீழ எறக்கிப் போட்டோம். எல்லாரும் பாலு ஊத்துனாக. கடைசி வாயி என் கையால. வாங்கிக்கிட்டுத்தான் போனாரு. எத்தன பேருக்கு மேடம் அந்தக் கொடுப்பினை கெடைக்கும்?"

ணங்.

தகரம் காற்றில் தூக்கிப்போட்டது என்று நினைத்தேன். ஆனால் தகரத்தின் சத்தம் தலைக்குமேலே கேட்டுக்கொண்டிருந்தது. இது கீழே, எனக்குப் பக்கத்தில், இரும்பில் மெல்லத் தட்டிய சத்தம்.

"காத்து" என்றான் பழனிக்குமார். "கயிறு எடுத்துட்டு வாரேன் மேடம். கட்டி ஏத்திருவோம்." சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டான். கயிறு வாசல் நிலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடாமல்தான் போனான்.

அய்யம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"கேட்டுச்சா?"

என் கண் கட்டிலின் கம்பிக்குப் போனது.

"உனக்குக் கேட்டுச்சு. உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. அவனுக்கும் கேக்கும். கேக்கலம்பான்."

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. வெளியே ஊரெல்லாம் காற்றாக இருந்தும், அந்த வீட்டுக்குள் ஒரு பொட்டுக் காற்று இல்லை. பால் வாடை மட்டும் எழுந்து வந்தது.

அய்யம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். காரியம் முடிந்த அன்று சாயங்காலம், படத்துக்கு முன்னால் வைத்த பாலை வைக்க வேறு இடமில்லாமல் கட்டில் அருகில் வைத்திருக்கிறாள். அப்போதுதான் முதலில் கேட்டிருக்கிறது. பக்கத்து ஊரில் குறி சொல்லும் கோடாங்கியிடம் கேட்டதற்கு, பால்மேல் உள்ள ஆசை அடங்கவில்லை, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பால் வை என்றாராம். அன்றிலிருந்து மகன் தினமும் காய்ச்சி வைக்கிறான்.

"பாலு வச்சாத் தட்டுறாரு. வைக்க வைக்கக் கூடுதே ஒழியக் கொறையல. இன்னும் வேணுங்குறாரா, ஆறிப்போச்சுங்குறாரா, எனக்கு ஒண்ணும் புரியல தாயி. அவரு வாயில்லாமக் கெடந்தப்ப ஒவ்வொரு தட்டுக்கும் ஓடுனவ நானு. முதுக அரிக்குதா, புரட்டிப் போடணுமா, சன்னலத் தெறக்கணுமா, பாத்த ஒடனே சொல்லிருவேன். இது மட்டும் எனக்குத் தெரியல."

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"இவன் கட்டிலக் கொண்டு போங்குறான். போயிருச்சுன்னா அவரு எதுல தட்டுவாரு? என்ன வேணும்னு சொல்லாமயே போயிருவாரு. கேக்குறதுதான உன் வேல? தூக்குறதுக்கு முன்னாடி எனக்கு இத மட்டும் கேட்டுச் சொல்லு. அவருக்கு என்ன வேணும்?"

எழுந்து ஓடிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் என் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. அவள் கேட்டதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். வழக்கமாகக் கேட்கிற கேள்வியையே, இந்தமுறை பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

"அம்மா, கடைசி நாள்கள்ல எது குடுத்தா அவரு கொஞ்சம் அடங்கி இருந்தாரு?"

"பஞ்சு" என்றாள் உடனே. "வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, தொண்ட வாங்காது, பஞ்சுல தண்ணி நனைச்சு ஒதட்ட மட்டும் தொடச்சுவிடுங்கன்னு வினிதாப் பிள்ளை சொல்லிட்டுப் போச்சு. அப்படித்தான் செஞ்சேன். பஞ்ச வச்ச ஒடனே கண்ண மூடிக்கிருவாரு. தட்டுறதும் நின்னுரும்."

"கடைசி அன்னைக்கும் அப்படித்தானா?"

"காலைல நாந்தான் தொடச்சுவிட்டேன். பொறகு சனம் வந்துருச்சு. வந்தவுக பஞ்சப் பாத்துட்டு, என்னத்தா இது, மனுசனத் தவிக்க விட்டா வச்சிருக்கன்னாக. பாலு ஊத்தாம அனுப்புனா ஊரு என்ன பேசும்? எறக்கிப் போட்டு, ஆளுக்கு ஒரு வாயி ஊத்துனாக."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"தொண்டைல களகளன்னு சத்தம் வந்துச்சு. பாலு உள்ள எறங்குது, ஆத்மா ஏத்துக்கிருச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும் சந்தோசந்தான்."

அந்தக் களகளச் சத்தம் என்ன சத்தம் என்று வினிதா பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றியது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாயில்தான் இறங்கும்.

இருந்தாலும் நான் சொல்லவில்லை. கேட்பதுதான் என் வேலை, சொல்வதல்ல என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொன்றையும் கேட்டேன்.

"அப்ப அவரு தட்டலையாம்மா?"

"எப்படித் தட்டுவாரு? டம்ளருதான் எங்க கையில இருந்துச்சே. கைல வச்சிருந்ததப் பிடுங்கித்தான் பாலையே..."

அவள் நிறுத்தினாள்.

வெளியே காற்றும் அந்த நொடியில் நின்றதா, எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது. அய்யம்மாளின் கண் மெல்லத் தரைக்கு இறங்கியது. டம்ளரில், பாலில், வெளுத்த வட்டங்களில் நின்றது.

"வெரலால தரையத் தட்டிக்கிட்டே இருந்தாரு" என்றாள், தனக்குள் பேசுகிறவள்போல. "சிமெண்டுத் தரை. சத்தம் வரல. இன்னும் கேக்குறாரு பாருன்னு குருசாமி மச்சான் சொன்னாக. நானும் ஊத்துனேன்."

அப்போது பழனிக்குமார் உள்ளே வந்தான். கையில் கயிறு இல்லை. ஒரு சின்னப் பாத்திரத்தில் பால், ஆவி பறந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. பின்வாசல் வழியாக அடுப்படிக்குப் போய்க் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறான்.

"கடைசியா ஒரு தடவ ஊத்திர்றேன் மேடம். பொறகு தூக்கிருவோம்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பாலைப் பக்கத்திலிருந்த சருவச்சட்டியில் கொட்டிவிட்டு, டம்ளரை நிலையாக வைத்தான். பாத்திரத்தைச் சாய்த்தான்.

ணங்.

அவன் நிறுத்தவில்லை.

ணங். ணங்.

கட்டிலின் தலைமாட்டுக் கம்பி அதிர்வது என் கண்ணுக்கே தெரிந்தது. அதன் அருகில் யாரும் இல்லை. டம்ளர் தரையில், அவன் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது.

ணங். ணங். ணங். ணங்.

"இந்தாங்கப்பா" என்றான் பழனிக்குமார். குரல் உடைந்தது. "ஊத்துறேன்ப்பா. குடிங்கப்பா. போதும் போதும்ங்குற மட்டும் குடிங்கப்பா."

பால் விளிம்பைத் தாண்டி வழிந்து தரையில் ஓடியது. கட்டிலுக்கு அடியில் போனது. அங்கேயிருந்து வேறொரு சத்தம் வந்தது.

களகள.

மூச்சு வாங்கப் பார்த்து முடியாத ஒரு தொண்டை.

களகள. களகள.

தலையணையின் நடுவில் ஒரு குழி விழுந்தது. தூக்கிப் போட்டதுபோல் எழும்பியது. மறுபடி விழுந்தது. துவைத்து விரித்த போர்வையில், வாய் இருக்கவேண்டிய இடத்திலிருந்து, வெள்ளையாக ஒரு ஈரம் பரவிக்கொண்டு வந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தட்டல் இப்போது இடைவெளியே இல்லாமல் கேட்டது.

அய்யம்மாள் எழுந்தாள். எப்படி எழுந்தாள், எப்படிக் கட்டிலைச் சுற்றி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மகனின் கையைப் பிடித்தாள்.

"ஊத்தாத அப்பு."

"கேக்குறாரும்மா."

"கேக்கல. போதும்ங்குறாரு. அன்னைக்கே போதும்னுதான் சொன்னாரு."

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பாத்திரம் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். புதிதாக ஒன்றைக் கேட்கிறவனின் முகம் இல்லை அது. தெரிந்தே மூடி வைத்திருந்ததை இன்னொருவர் வாயால் கேட்கிறவனின் முகம். ஏன் அப்படி ஓயாமல் போன் செய்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அய்யம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் பாலை வெளியே கொட்டினாள். தொட்டித் தண்ணீரில் மூன்று முறை அலசி, பானைத் தண்ணீர் மொண்டு வந்தாள். பஞ்சு தேட அவளுக்குப் பொறுமை இல்லை. முந்தானை நுனியை நனைத்துப் பிழிந்து, தலையணைக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு உதடு இருக்கும் உயரத்தில் ஒற்றினாள். அவசரமில்லாமல், பழகிய கையோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

"இல்ல, ஊத்தல. யாரும் ஊத்த மாட்டாக. நான் இருக்கேன்ல."

தட்டல் தளர்ந்தது. ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பிறகு இல்லை.

தலையணைக் குழி மட்டும் அப்படியே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஆசையாத்தானம்மா ஊத்துனேன்" என்றான் பழனிக்குமார். பாலில் உட்கார்ந்திருந்தான்.

"ஆசையாத்தான் ஊத்துன. அம்புட்டுப் பேரும் ஆசையாத்தான் ஊத்துனோம். அதுனாலதான் ஒருத்தருக்கும் கண்ணு தெரியல."

அவன் குழந்தையைப்போல அழுதான். அவள் அவன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. பால் ஊற்றாவிட்டாலும் அன்றே போயிருக்கக்கூடியவர்தான், வினிதாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால் எப்படிப் போனார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே நான் ஊர் ஊராக அலைகிறேன். தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"தூக்கிட்டுப் போ தாயி" என்றாள் அய்யம்மாள் கடைசியில். "அவரு சொல்லிட்டாரு."

டம்ளரை மட்டும் கொடுக்கவில்லை. கழுவிக் கவிழ்த்துத் தன் மடியோடு வைத்துக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் கட்டிலை ஏற்றிவிட்டோம். ரொனால்டு பின்கதவைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். திண்டுக்கல் வரும்வரை வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அவன் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டிக் காது கொடுத்துப் பார்த்தான். காற்றுதான்.

கட்டிலைக் கழுவி, வெயிலில் காயப்போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். தலைமாட்டுக் கம்பியில் டம்ளர் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் நிற்கவில்லை. ஆபீசில் அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டார்கள். என்ன காரணம் சொல்வேன்? புரட்டாசியில் அது சின்னாளப்பட்டிக்குப் போனது.

நெசவாளர் வீடு. கீர்த்தனா என்ற பெண்ணின் அம்மா. வயிற்றில் புற்று, மூளைக்கும் போய்விட்டது. கடைசியில் கண் திறக்கவேயில்லை, கை கால் அசையவில்லை. முடியப்போகிறது என்று தெரிந்து வினிதா கிளம்பியபோது நானும் கூடப் போனேன். சாவதற்கு முன்னால் எந்த வீட்டுக்கும் நான் போனதில்லை. அன்று அந்தக் கட்டிலுக்காகப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். நல்ல வெயில். காற்றே இல்லை. அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் தெற்கே தலை வைத்துப் போட்டிருந்தார்கள். வெறும் கட்டில் சுவரோரமாக நின்றது. வீடு நிறையச் சனம். "இப்ப ஊத்தக்கூடாதுங்க, தொண்ட வாங்காது" என்று வினிதா சொல்லச் சொல்ல, "எங்களுக்குத் தெரியும்மா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று ஒருவர் அவளை விலக்கினார். நானும் முன்னால் போய், ஊற்றாதீர்கள் என்று சொன்னேன். என் குரல் யாருக்கும் எட்டவில்லை. பெற்ற பெண்தான் முதலில் ஊற்ற வேண்டும் என்று கீர்த்தனாவின் கையில் பால் புகட்டும் பாலாடையைக் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

ணங்.

எல்லோரும் திரும்பினார்கள்.

சுவரோரம் கட்டில். அதன்மேல் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆளில்லை.

ணங். ணங்.

"யாரு தட்டுறது?" என்றாள் கீர்த்தனா. பாலாடை அந்தரத்தில் நின்றது.

நான் அவள் அருகில் போய் உட்கார்ந்தேன். இந்தமுறை என் குரல் அவளுக்கு எட்டியது.

"ஒருத்தரு வேணாங்குறாரு கீர்த்தனா. பாலு வேணாமாம். ஒதட்ட மட்டும் நனைச்சுவிடு."

அவள் என்னைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு பாலாடையைக் கீழே வைத்துவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வினிதா பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். கீர்த்தனா அம்மாவின் உதட்டை மெல்லத் துடைத்தாள்.

சத்தம் நின்றது.

அப்போதுதான் அந்த அம்மாவின் கை அசைந்தது. பல நாளாக மரமாகக் கிடந்த கை. தரையிலிருந்து எழும்பி, கட்டில் இருந்த பக்கமாக மெல்ல நீண்டது. யாரோ கொடுக்கிற டம்ளரை வாங்கிக்கொள்கிறவளைப்போல உள்ளங்கை விரிந்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.